பார்த்ததெல்லாம் படித்ததாகுமா?



மலருக்குக் கட்டுரை தரச் சொல்லிப் பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். ‘வல்லரசு இந்தியாவில் இளைஞர் பங்கு’ என்று எழுதலாமா, ‘வரதட்சணை ஒழிப்பு’ என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டுமே போன வருட மலரில் வந்துவிட்டன. அதற்கு முந்தின வருட மலரிலும் வந்திருக்கின்றன! ஆகவே யாரும் எழுத விரும்பாத ஒன்றை எழுதுகிறேன். நான் இயற்பியலில் அரியர் வைத்த கதை. அதுவும் இயற்பியல் மேல் பைத்தியமாக இருந்த காலத்தில் வைத்த கதை.

முதலில் வீட்டைப் பற்றி இரண்டு வரி. அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் காயில் கட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு மின்னியல் பிரிவில் இடம் கிடைத்த அன்று அப்பா பட்டறையில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாராம். “புள்ள படிப்புக்குக் கேக்குது” என்று மாதத் தவணையில் ஒரு செல்போனும் வாங்கிக் கொடுத்தார். தவணை பதினான்கு மாதம். இந்தத் தவணைக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

2023 ஆகஸ்ட் 23. நாங்கள் முதலாண்டில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாங்கள் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஒரே போன், அதன்மேல் ஆறு தலை. கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், நம்மைப் போலவே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுத்தான் மேலே போனவர் என்று மறுநாள் தெரிந்ததும் எங்கள் வகுப்பில் பறந்த விசிலைப் பிரின்சிபால் அறை வரைக்கும் கேட்டிருப்பார்கள்!

அன்றைக்குப் பிடித்தது பித்து. ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் போன். கருந்துளை, காலப் பயணம், குவாண்டம் பூனை, பதினொரு பரிமாணம்... எதையும் விடவில்லை. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டார்களே முதல் கருந்துளைப் படம், அது எம்87 என்ற கேலக்ஸியின் நடுவில் இருப்பது, நம்மிடமிருந்து ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம், நம் சூரியனைப் போல 650 கோடி மடங்கு நிறை – கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். மதியச் சாப்பாட்டில் தோழிகளுக்கு லெக்சர் அடிப்பேன். எனக்கு ‘லேடி ஐன்ஸ்டீன்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வெளியே கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் இனித்தது என்பதை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாவது தவணை கட்டிய வாரத்தில் தேர்வு முடிவு வந்தது. கணிதம் பாஸ். வேதியியல் பாஸ். ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பாஸ். இயற்பியல்... அரியர்!

பேப்பர் திருத்தியவர் சரியில்லை என்று நாம் எல்லோரும் சொல்வதை நானும் நாலு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் என் மனசுக்குத் தெரியும். செய்முறைத் தேர்வு வாய்மொழியிலேயே எனக்கு ஒரு மணி அடித்தது. மேடம் ஒரு சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே, “இது மேலே போயிட்டிருக்கும்போது இது மேல என்னென்ன விசை இருக்கும்மா?” என்று கேட்டார். “கை கொடுத்த விசை மேலே, புவியீர்ப்பு கீழே மேடம். போகப் போகக் கை கொடுத்த விசை தீர்ந்துடும்” என்றேன். மேடம் சாக்பீஸைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். “கைதான் விட்டுடுச்சே, அப்புறம் எப்படிம்மா தள்ளும்?” என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. கையை விட்ட பிறகு, காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், அதன்மேல் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். மேலே போவது அதன் வேகத்தால், விசையால் அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பாடம்! ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பதைச் சொல்லத் தெரிந்தவளுக்கு, கண்ணெதிரே ஒரு முழத் தூரத்தில் நடப்பதைச் சொல்லத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அரியர் விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தெருக்காரர் ஒருவருடைய ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டாரை வாசலில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்:

“ஏஞ்சாமி, நீ கரண்டுக்குத்தான படிக்கற? ஒண்ணு சொல்லு பாக்கலாம். கண்டன்சர் போன மோட்டாருக்குக் கரண்டு குடுத்தா ‘உம்’முன்னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. தண்டைப் புடிச்சு ஒரு சுண்டு சுண்டுனா ஓட ஆரம்பிச்சுருது. இந்தப் பக்கம் சுண்டுனா இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் சுண்டுனா அந்தப் பக்கம் ஓடுது. நானும் இருவத்தஞ்சு வருசமாப் பாக்கறேன். அது ஏன்?”

(தோழர்களே, கரண்டு இருக்கும்போது யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். பட்டறையில் இதில் விரல் நசுங்கியவர் உண்டு.)

நான் ஃபாரடே என்றேன், காந்தப்புலம் என்றேன், டார்க் என்றேன். கேட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செரி உடு கண்ணு, இனிமேத்தான நடத்துவாங்க” என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அரியரைவிட அந்தச் சமாதானம்தான் எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி போனைத் தொடவில்லை. இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருந்தது.

இவ்வளவு பார்த்தும் எனக்கு ஏன் ஒன்றும் ஏறவில்லை? இதற்கு விடை தேடியபோதுதான் ஓர் ஆராய்ச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். டெரிக் முல்லர் என்பவர் 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வீடியோக்களைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்திருக்கிறார். (‘வெரிடாசியம்’ சேனலை ஆரம்பித்தாரே, அவரேதான்!) மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு, பிறகு வீடியோ, பிறகு மறுபடியும் தேர்வு. தவறே இல்லாமல், அழகாக, தெளிவாகப் பாடம் சொல்லும் வீடியோவைப் பார்த்தவர்கள் “நன்றாகப் புரிந்தது, சுலபமாக இருந்தது” என்றார்கள். மதிப்பெண்ணோ ஏறவே இல்லை என்று சொல்லும்படிதான் இருந்தது! இன்னொரு வகை வீடியோவில் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மாணவர்கள் வழக்கமாகத் தப்பாக நினைப்பதையே சொல்வார். மற்றவர் அதைக் கேள்வி கேட்டு மடக்குவார். இதைப் பார்த்தவர்கள் “குழப்பமாக இருந்தது” என்று முகம் சுளித்தார்கள். ஆனால் இவர்கள் மதிப்பெண்தான் நன்றாக ஏறியது. அந்த ஆய்வில் வந்த தப்பு அபிப்பிராயங்களில் ஒன்று எது தெரியுமா? மேலே எறிந்த பந்தின்மேல் கை கொடுத்த விசை தொடர்ந்து இருக்கிறது என்பது. நான் சாக்பீஸுக்குச் சொன்ன அதே பதில். சிட்னியில் படிப்பவரும் என்னைப் போல்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது!

காரணம் எளிது. தெளிவாகச் சொல்வதைக் கேட்டால் ‘இது நமக்குத் தெரிஞ்சதுதானே’ என்று மனசு சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே ஏற்கனவே இருக்கும் தப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன்மேல் புதிய வார்த்தைகள் மட்டும் படிகின்றன. நாம் தப்பு என்று நமக்கே பளிச்சென்று தெரிந்து, முகம் சிவந்து, வேர்த்தால்தான் அந்த இடம் உடைகிறது. மேடம் கையிலிருந்த சாக்பீஸ் எனக்குச் செய்ததை நூறு வீடியோ செய்யவில்லை.

இப்படிச் சொல்வதால் வீடியோ பார்ப்பதே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தா காலத்தில் ஒரு நல்ல வாத்தியாரிடம் பாடம் கேட்க ஊர்விட்டு ஊர் போக வேண்டும். இன்று ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடம் டவுன் பஸ்ஸில் ஓடுகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களைப் பார்க்க ஒரு பைசா கிடையாது. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஃபைன்மேன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவில் கால்டெக்கின் இளநிலை மாணவர்களுக்கு நடத்திய பாடங்கள் மூன்று பெரிய புத்தகங்கள். வாங்கப் போனால் நம் மாதப் பஸ் செலவையெல்லாம் விழுங்கிவிடும். இப்போது முழுவதையும் கால்டெக்கே இணையத்தில் படிக்க இலவசமாக வைத்திருக்கிறது. இந்தச் செல்வம் நம் அண்ணன்மார்களுக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் என் கேள்வி.

அந்த ஃபைன்மேன் தன் புத்தகத்துக்கு 1963-ல் எழுதிய முன்னுரையைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். பெருமை அடித்துக்கொள்வார் என்று பார்த்தால், மாணவர்கள் பக்கமிருந்து பார்த்தால் தான் பெரிதாகச் சாதித்ததாகத் தோன்றவில்லை என்கிறார்! பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இல்லை, மாணவரும் ஆசிரியரும் நேருக்கு நேர் உட்கார்ந்து விவாதித்தால்தான் படிப்பு நடக்கும், சொற்பொழிவில் சும்மா உட்கார்ந்திருப்பதால் அதிகம் ஏறாது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். உலகமே கொண்டாடும் பாடத்தை நடத்தியவரே இப்படிச் சொன்னால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்த்த நான் எம்மாத்திரம்?

இங்கே இரண்டு சரக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறிவியல் வீடியோ என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் பத்து நிமிடம், பின்னணி இசை, ‘நாசா மறைத்த ரகசியம்!’, ‘விஞ்ஞானிகள் அதிர்ச்சி!’ என்று ஒரு தலைப்பு. (நானறிய விஞ்ஞானிகள் இந்த இரண்டு வருடத்தில் ஐந்நூறு தடவையாவது அதிர்ச்சி அடைந்துவிட்டார்கள்.) இதில் நல்லதும் உண்டு, தமிழிலும் உண்டு. பொறுக்குவதற்கு நான் வைத்திருக்கும் சல்லடை ஒன்றுதான்: ‘இப்படி’ என்று மட்டும் சொல்கிறதா, ‘இப்படித்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்றும் சொல்கிறதா? இரண்டாவது இல்லாவிட்டால் அது ராசிபலன் மாதிரிதான். பாட லெக்சர் என்பது வேறு சாதி. ஐம்பது நிமிடம். பாதி நேரம் போர்டுக்குத் திரும்பி நின்று எழுதுவார்கள். இசை கிடையாது. கொட்டாவி வரும். ஆனால் நடுவில் ஒரு கணக்கைப் போடுவார்கள். அங்கே நிறுத்திவிட்டு நாமே போட்டுப் பார்க்கலாம். நிறுத்தும் பொத்தான்தான் அந்தப் போனிலேயே விலை உயர்ந்த பாகம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆங்கிலம் ஒரு மலை, மறைக்க வேண்டியதில்லை. நான் தமிழ்வழியில் படித்தவள். முதல் லெக்சரை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, எழுத்துரையைப் படித்துப் படித்து, ஐம்பது நிமிடப் பாடத்தை மூன்று நாள் பார்த்தேன். ஒரு நோட்டில் வார்த்தைகளை எழுதினேன். மொமெண்டம் என்றால் உந்தம், டார்க் என்றால் திருப்பு விசை, ஃபேஸ் என்றால் கட்டம். பத்தாவது லெக்சருக்கு வந்தபோது புதிய வார்த்தை அதிகம் வரவில்லை. இயற்பியலுக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். கல்யாண வீட்டில் பேச வேண்டிய ஆங்கிலம்தான் கஷ்டம்!

எம்.ஐ.டி.யில் வால்டர் லெவின் 1999-ல் நடத்திய இயந்திரவியல் பாடம் இணையத்தில் உலகப் புகழ் பெற்றது. பதினைந்து கிலோ இரும்புக் குண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதைத் தன் தாடை வரை இழுத்துப் பிடித்து, தள்ளாமல் விட்டுவிட்டு அசையாமல் நிற்பார். குண்டு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து தாடைக்கு முன்னால் நின்றுவிடும். விட்ட உயரத்துக்கு மேல் அது வர முடியாது, ஆற்றல் அழிவின்மை! பார்த்துக் கைதட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பேன், பழைய ஆளாக இருந்தால். இந்த முறை நானும் என் தோழியும் வீட்டுப் பின்னால் வேப்பமரக் கிளையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டினோம். அவள் மூக்குக்கு நேராகப் பிடித்து விட்டாள். பாட்டில் போனதைப் பார்க்கும் ஆர்வத்தில் அரை அடி முன்னால் சாய்ந்துவிட்டாள். விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு இரண்டு நாள் வீங்கியிருந்தது. ஆனால் அந்தப் பாடத்தை அவள் சாகும் வரை மறக்க மாட்டாள்.

அந்த லெவினைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இணையவழியில் பாடம் படித்த ஒரு பெண் கொடுத்த புகாரை விசாரித்த எம்.ஐ.டி., அவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று முடிவு செய்து, 2014 டிசம்பரில் அவருடைய பாடங்களைத் தன் தளங்களிலிருந்து நீக்கியது. கௌரவப் பேராசிரியர் பட்டத்தையும் பறித்தது. பாடத்தின் பிரதிகள் வேறு இடங்களில் இன்றும் ஓடுகின்றன. இது தெரிந்த பிறகு நான் அவற்றைப் பார்க்கவில்லை. ஆற்றல் அழிவின்மையைச் சொல்ல வேறு ஆள் இல்லாமல் போய்விடவில்லை. தோழியரே, திரையில் தெரியும் வாத்தியாரிடம் பாடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகச் செய்தி அனுப்பிப் பழகினால் அது பாடம் அல்ல.

இலவச சொற்பொழிவு கேட்டு முன்னுக்கு வந்தவர் என்றால் எனக்கு ஃபாரடேதான். கொல்லர் மகன். பதினான்கு வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் புத்தகம் அவர் கைக்கு வந்தது. படித்தாரே தவிர அப்படியே நம்பிவிடவில்லை. தன் கைக்காசில் முடிந்த சின்னச் சின்னப் பரிசோதனைகளைச் செய்து, புத்தகம் சொல்வது சரிதானா என்று பார்த்தார். 1812-ல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குப் போனார். கேட்டதையெல்லாம் படம் போட்டு விரிவாக எழுதி, முந்நூறு பக்கத்தில் தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். மறுவருடம் டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. அவர் 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். டேவியின் பேச்சை அன்று நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து எழுதியவர் எத்தனை பேர்?

சரி, அப்பாவின் மோட்டாருக்கு வருகிறேன்.

இரண்டாமாண்டில் மின் இயந்திரங்கள் பாடத்தில் விடை இரண்டு பக்கத்தில் வந்தது. மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மார்க்கும் வந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்கே அறுந்துவிடும். ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பற்றிய லெக்சரை நாலு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் பாதிதான்.

மீதியைச் சொல்லிக் கொடுத்தது அம்மாவின் தையல் மெஷின். கால் மெஷின் மிதித்தவர்களுக்குத் தெரியும்: சில சமயம் பெடல் ஓர் இடத்தில் வந்து சிக்கி நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. கம்பியும் சக்கரத்தின் அச்சும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டதால், மிதிக்கிற விசை முழுதும் அச்சை அமுக்குகிறதே தவிரத் திருப்புவதில்லை. அம்மா மேலே உள்ள சின்னச் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுவார், ஓட ஆரம்பித்துவிடும். முன்பக்கம் தள்ளினால் முன்பக்கம். தவறிப் பின்பக்கம் தள்ளினால் பின்பக்கமாகவே ஓடி நூல் சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் அம்மா அப்படித் தள்ளியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். அப்பா சொன்னதும் இதுதானே!

வீட்டுக்கு வரும் கரண்டு நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. ரன்னிங் காயில் ஒன்று மட்டும் இருந்தால் அதன் காந்தப்புலம் ஒரே கோட்டில் ஏறி, இறங்கி, தலைகீழாகி, மறுபடி ஏறுகிறது. பெடல் மாதிரி மேலும் கீழும்தான், சுற்றுவதே இல்லை. சுற்றாத புலம் நிற்கிற ரோட்டரை எந்தப் பக்கம் திருப்பும்? இடப்பக்கம் திருப்ப என்ன காரணம் உண்டோ அதே காரணம் வலப்பக்கத்துக்கும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் இல்லாமல் ‘உம்’ என்று உறுமுகிறது. அப்படியே விட்டால் காயில் கருகும்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. அதுவும் நம் முதலாண்டு கணக்கு! இரண்டு காஸைப் பெருக்கினால், கூட்டிய கோணத்தின் காஸில் பாதியும் கழித்த கோணத்தின் காஸில் பாதியும் வரும் என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்தோமே, எதற்கென்றே தெரியாமல்? ஒரு காஸ் நேரத்தைக் குறிப்பது, இன்னொரு காஸ் மோட்டாரைச் சுற்றியுள்ள இடத்தைக் குறிப்பது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஆடும் ஒரு புலம், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பாதிப் புலங்களாகப் பிரிந்துவிடும். நாலு துருவ மோட்டாரில் ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்று இந்தப் பக்கம், மற்றது 1500 சுற்று அந்தப் பக்கம். நிற்கிற ரோட்டரை இரண்டும் சமமாக இழுக்கின்றன, கயிறு இழுக்கும் போட்டியில் நடு முடிச்சு நிற்பது மாதிரி. கையால் ஒரு பக்கம் சுண்டினால், ரோட்டர் எந்தப் புலத்தோடு சேர்ந்து போகிறதோ அதன் இழுப்பு கூடுகிறது, எதிர்ப்புலத்தின் இழுப்பு குறைகிறது. பிறகு அது தானே ஓடுகிறது. இதை நோட்டில் என் கையால் போட்டு முடித்தபோது ராத்திரி பன்னிரண்டரை. எழுப்பிச் சொல்ல ஆளில்லை. கருந்துளை வீடியோ பார்த்த எந்த ராத்திரியும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

கண்டன்சர் செய்வது என்ன? ஸ்டார்ட்டிங் காயிலை ரன்னிங் காயிலுக்குக் குறுக்கே சுற்றியிருக்கிறார்கள். கண்டன்சர் அதன் கரண்டை முந்திக்கொள்ள வைக்கிறது. ஒரு காயில் உச்சத்தில் இருக்கும்போது மற்றது உச்சத்தில் இருப்பதில்லை. அதனால் புலத்தின் உச்சம் இந்தக் காயிலிலிருந்து அந்தக் காயிலுக்கு நடந்து போகிறது, சுற்றுகிறது. இரண்டு கால் வைத்து இரண்டு பெடலை முன்பின்னாக மிதிப்பது போல. ஒன்று சிக்கும் இடத்தில் மற்றது தள்ளும். நீராவி ரயில் எஞ்சினிலும் இதற்காகத்தான் இருபக்கத் தண்டுகளையும் கால் சுற்று மாற்றிப் பொருத்தினார்கள். உவமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தையல் மெஷின் குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் சிக்கும், மோட்டார் எந்த இடத்தில் நின்றாலும் சிக்கும். சுற்றும் புலத்தை ஃபெராரிஸ் 1885-ல் இத்தாலியில் செய்து பார்த்தார், டெஸ்லா 1888-ல் காப்புரிமை வாங்கினார். நான் 2025-ல் கண்டுபிடித்தேன்!

“பேனல் மாட்டப் போற ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு பிசிக்ஸ்?” என்று வேலையில் இருக்கும் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். தவணை கட்டுகிற வீட்டிலிருந்து வருகிறவர்கள் நாம், வேலைக்கு உதவாததை விரும்பிப் படிக்க நமக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒன்று. எரிந்த மோட்டாரை மாற்றத் தெரிந்தவர் பட்டறைக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அது ஏன் எரிந்தது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடிக் கூப்பிட வருகிறார்கள். அந்த ‘ஏன்’ முதலாண்டு இயற்பியலில் இருக்கிறது, நாம் அரியர் எடுத்துத் தொலைத்தால் போதும் என்று ஓடிவருகிற பாடத்தில்.

இப்போது நாங்கள் ஏழு பேர் சனிக்கிழமை மதியம் ஒரு போனை நடுவில் வைத்து உட்காருகிறோம். இரண்டே கட்டுப்பாடு. லெக்சரில் கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டு ஏழு பேரும் விடையைத் துண்டுச் சீட்டில் எழுதியாக வேண்டும், ‘தெரியல’ என்று எழுதக் கூடாது, தப்பாகவாவது எழுத வேண்டும். முடிந்ததும் லெக்சர் பார்க்காத ஒருவரிடம் போய்த் தமிழில் சொல்லியாக வேண்டும். ரஷ்யாவின் பெரெல்மான் 1913-ல் எழுதிய புத்தகம் தமிழில் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்று வந்திருக்கிறது. அதில் ஒன்று: நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுக்காமல், உடம்பை முன்னால் சாய்க்காமல் எழுந்திருங்கள் பார்ப்போம்! இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே செய்து பாருங்கள். எங்கள் ஏழு பேரில் ஆறு பேர் ‘இதென்ன பெரிய விஷயம், எழுந்துடலாம்’ என்று சீட்டில் எழுதியிருந்தோம். ஒருவராலும் முடியவில்லை.

பேரவைக்கும் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் போர்டு வேண்டும், ஏ.சி. வேண்டும் என்று கேட்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தைச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். வீடியோவில் பார்த்ததைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். வேப்பமரக் கிளையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது, மூக்கும் எங்களுக்கு ஒன்றுதான்.

அரியரை அடுத்த பருவத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். அப்பாவிடம் அதைச் சொன்னது பாஸ் ஆன பிறகுதான். பதினான்காவது தவணையும் முடிந்து நாளாகிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா டீ குடித்து முடித்ததும் அவரைக் கூட்டிவந்து அம்மாவின் மெஷின் முன்னால் உட்கார வைத்தேன். பெடலைச் சிக்கும் இடத்தில் நிறுத்தி, மிதிக்கச் சொன்னேன். “பாருங்கப்பா, கண்டன்சர் இல்லாத மோட்டாரு.” சக்கரத்தை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை தள்ளிக் காட்டினேன். “நூலு சிக்குது, நூலு சிக்குது!” என்று அம்மா சத்தம் போட்டார். பிறகு இரண்டு கையையும் முன்பின்னாக ஆட்டி இரண்டாவது காயிலைச் சொன்னேன். அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப ஸ்டார்ட்டிங் காயிலு ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா மோட்டாரு திருப்பிச் சுத்துதே, அது இதனாலதானா?” என்றார்.

“அதேதாங்கப்பா. அது உச்சம் தலைகீழா மாறிடும். அதனால புலம் நடக்கற பக்கமும் மாறிடும்.”

“இத்தன வருசமா ஒதவிக் காயிலுன்னு நெனச்சேன். அதுதான் வழி காட்டுதாட்ட இருக்குது.” சிரித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “செரி சாமி, அப்ப இதையும் பாத்துச் சொல்லு. வெயில் காலம் வந்தா மட்டும் கண்டன்சரு ஏன் இவ்வளவு வீங்கிப் போகுது?”

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஏழு சீட்டிலும் இந்தக் கேள்விதான்.